றைற் சகோதரரின் விமானமும் வெடிப்புக் கண்ட உருக்குத் தண்டும்

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் ஓர்வில் றைற் பன்னிரண்டு செக்கன் நேரம் வானிற் பறந்தார் என்பதை நம் மாணவர் யாவரும் மனனஞ் செய்துள்ளனர். அதற்கு முன் கழிந்த ஆறு வாரங்களைப் பற்றி அவர்தம் பாடநூல்கள் ஒரு வரிதானும் கூறுவதில்லை. அவ்வாறு வாரங்களும் பெரும்பாலும் உருக்குத் தண்டுகளோடு நிகழ்ந்த போராட்டமாகவே கழிந்தன. விமானத்தின் வரலாற்றைச் சிறகின் வரலாறாக மட்டும் எழுதுவோர், பொறியைத் தாங்கும் உறுப்புக்களின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

றைற் சகோதரர் ஓகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் துவிச்சக்கர வண்டி செய்து விற்றவர்கள். தமக்கேற்ற பாரங்குறைந்த பொறியைச் செய்து தருவார் எவருமிலர் எனக் கண்டு, தம் பட்டறை வினைஞரான சார்ள்ஸ் ரெயிலரைக் கொண்டே நான்கு உருளைகளையுடைய பொறியொன்றை அமைப்பித்தனர். அதன் உடல் அலுமினியக் கலப்புலோக வார்ப்பு. 1903 பெப்ருவரியில் அதனை ஓட்டிப் பார்த்த மறுநாளே, கசிந்த பெற்றோல் தாங்கிகளில் விழுந்து அவை இறுகிப்போக, பொறியின் உடல் உடைந்தது. புதிய வார்ப்பு வந்து சேர ஏப்பிரில் மாதமாயிற்று. பன்னிரண்டு பரிவலுவளவு தந்த இப்பொறியைக் கீழ்ச்சிறகின்மேல், விமானியின் வலப்புறத்தே பொருத்தினர். பொறி விமானியினும் பாரங்கூடியதாகையால், வலச் சிறகு இடச் சிறகினும் நான்கு அங்குலம் நீளமாக அமைக்கப்பட்டது. பொறியின் வலுவைச் சங்கிலிகள் சிறகின் பின்னுள்ள இரு உந்துசுழலிகளுக்குக் கடத்தின. துவிச்சக்கர வண்டிக்காரரின் கை இவ்விடத்துத் தெளிவாகத் தெரிகின்றது.

சுழலிகளைத் தாங்கிய தண்டுகள் முதலில் உருக்குக் குழாய்களாக இருந்தன. நவெம்பர் 5ஆம் நாள் வட கரோலினாவின் கிற்றி ஹோக்கை அடுத்த மணற்பரப்பில் பொறியை ஓட்டியபோது, அது சீராக ஓடாது உதறிற்று; தண்டுகள் சேதமுற்றன. அவை டேற்றனுக்கு அனுப்பப்பட்டுச் செப்பனிடப்பெற்று நவெம்பர் 20ஆம் நாள் மீண்டன. அதன்பின் பற்சில்லுகளின் சுரைகள் கழன்றுகொண்டேயிருந்தன. இறுதியிற் சைக்கிள் ரயரை ஒட்டும் பசையை உருக்கி ஊற்றி அவற்றை நிறுத்தினர். எல்லாம் சீராயிற்று என்றிருந்த வேளையில், நவெம்பர் 28ஆம் நாள், குழாய்த் தண்டொன்றில் வெடிப்புக் காணப்பட்டது. ஓர்வில் புகைவண்டியேறி டேற்றன் சென்று, வில்லுருக்கினாலான புதிய தண்டுகளைச் செய்துகொண்டு டிசெம்பர் 11ஆம் நாளே திரும்பினார்.

இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்ததொன்றை மறத்தலாகாது. டிசெம்பர் 8ஆம் நாள், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரான சாமுவேல் லாங்லி, போர்த்திணைக்களம் அளித்த 50,000 டொலரைக் கொண்டு கட்டிய விமானத்தை, பொற்றோமாக் ஆற்றில் மிதந்த படகொன்றின் மேலிருந்து இரண்டாம் முறையாக ஏவினார். அது வானேறுமுன் முறிந்து ஆற்றில் வீழ்ந்தது. அச்செய்தியை ஓர்வில் திரும்பும் வழியிற் புதினத்தாளிற் படித்தார். அன்று லாங்லியின் விமானம் பறந்திருப்பின், ஒரு குழாயில் தோன்றிய வெடிப்பே முதன்மையை றைற் சகோதரரிடமிருந்து பறித்திருக்கும். ஆயிரம் டொலர்தானும் செலவிடாத இருவர் வென்றதை ஊழ் என்பாருமுளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. லாங்லியின் பொறி ஐம்பது பரிவலுவுக்கு மேற்பட்டது. பொறியென்றளவில் அதுவே சிறந்தது. அதனைச் சுமந்த உடலே வலுவற்றது. றைற் சகோதரரோ உடைந்தது யாது, ஏன் உடைந்தது என ஒவ்வொரு முறையும் ஆராய்ந்த பின்னரே அடுத்த அடியை வைத்தனர்.

உடைந்த தண்டைப் பற்றி ஓர்வில் பிற்காலத்திற் கூறிய விளக்கம் கவனித்தற்குரியது. பொறியின் வலுவைச் சீராகக் கடத்துவதே வேலையாயின், அக்குழாய்கள் வேண்டியதினும் பன்மடங்கு உறுதியுடையனவாம். ஆயின் பொறியின் உந்தல் சீரானதன்று. உருளையில் வாயு வெடிக்குந்தோறும் ஓர் அடி விழுகின்றது. பருத்த குழாய் வளைந்து கொடாமையால் ஒவ்வோர் அடியையும் முழுமையாக ஏற்றது. குழாயினும் விட்டங்குறைந்த திண்தண்டோ சிறிது முறுகி மீண்டு அடியைத் தணித்தது. உறுதி வேறு, விறைப்பு வேறு என்னும் இவ்வுண்மையைப் புகைவண்டிப் பொறியியலார் முன்னரே பெருவிலை கொடுத்துக் கற்றிருந்தனர். 1842இல் வேர்சேயில் அருகே புகைவண்டியொன்றின் அச்சு முறிந்து ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரசிய நாட்டு வூலர் 1870 வரை நடத்திய சோதனைகள், ஒருமுறை ஏற்றினால் உருக்கைச் சிறிதும் வருத்தாத சுமையே பன்னூறாயிரம் முறை மாறிமாறி ஏற்றப்படின் அதனை முறிக்கும் எனக் காட்டின.

1908 செப்டெம்பர் 17ஆம் நாள் வேர்ஜீனியாவின் போட் மயரில் நிகழ்ந்த விபத்தும் வெடிப்பொன்றினால் விளைந்ததே. வலப்புறச் சுழலியின் ஓர் அலகு நீளவாக்கில் வெடித்துத் தட்டையாயிற்று. இரு அலகுகளின் உந்தலும் ஒவ்வாமற்போகத் தண்டு அதிர்ந்தது. தண்டின் உறையை நிலைநிறுத்திய கம்பி அவ்வதிர்விற் கழன்றது. சுழலி நிலைபெயர்ந்து வாற்பகுதியின் இழுகம்பியைத் தாக்கிற்று. லெப்ரினன்ற் தோமஸ் செல்பிரிட்ஜ் உயிரிழந்தார். வலுப்பொறி விமானத்தில் மாண்ட முதல்வர் அவரே. ஓர்விலின் தொடையெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன. வெடித்தது அலகாயினும், உயிரைக் குடித்தது தாங்கி நிலைபெயர்ந்தமையே என்பது இந்நிகழ்ச்சியின் நுட்பம்.

தம் இல்லத்திலேயே விமானங் கட்டும் வழக்கம் றைற் சகோதரரோடு முடிந்துவிடவில்லை. 1953இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் இத்தகையோர்க்கென ஒரு சங்கமே தோன்றிற்று. அவர்கள் கட்டும் விமானங்கள் பலவற்றிற் பொறியைத் தாங்குவது, உருக்குக் குழாய்களை ஒட்டுவேலையால் இணைத்த சட்டகம். குழாய்கள் கூடும் மூட்டிலே, ஒட்டின் ஓரத்தை அடுத்தே பெரும்பாலும் வெடிப்புத் தொடங்கும். அங்கே வெப்பத்தால் உருக்கின் இயல்பு மாறியிருக்கும். வடிவமும் திடீரென மாறுவதால் தகைப்பு அங்கே திரளும். ஆணித்துளைகள் நேராக அமையாதபோது சட்டகத்தை வலிந்திழுத்துப் பூட்டுவோர், பொறி ஓடுமுன்னரே அதற்குச் சுமையேற்றி விடுகின்றனர். முன்சில்லையும் அச்சட்டகமே தாங்குமாயின், ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் ஓர் அடி கூடுதலாக விழும். பொறிக்கும் சட்டகத்துக்கும் இடையே வைக்கப்படும் இறப்பர்த் துண்டுகள், ஓர்விலின் வில்லுருக்குத் தண்டு செய்த தொழிலையே செய்கின்றன. சட்டகத்துக்கு வெளிறிய நிறத்தில் மென்பூச்சிடுவோர் அழகு கருதி அவ்வாறு செய்வதில்லை. தடித்த பூச்சின் கீழ் வெடிப்பு மறைந்து வளரும். வெளிறிய மென்பூச்சிலோ அது கருங்கோடாய்த் தோன்றிவிடும்.