காய்ச்சல் ஏன் திரும்பி வந்தது?



நம் செபராங் பிறைத் தோட்டங்களில், முதலில் கரும்பும் பின்பு ரப்பரும் பயிரான காலத்தில், நம் முன்னோரை வாட்டியது குளிர்காய்ச்சல். சில நாள் கம்பளிக்குள் நடுங்கிக் கிடப்பார்கள். காய்ச்சல் விடும். "சரியாப் போச்சு" என்று பெரட்டுக்குப் போவார்கள். சில வாரத்தில் மறுபடியும் வந்துவிடும். வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறான் என்பார் ஒருவர். சாமி குத்தம் என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு.

1880இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் இரத்தத்தில் இந்த ஒற்றைச் செல் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். மலைப்பாங்கான தோட்டங்களில் அந்த வழி பலிக்கவில்லை. காடு வெட்டி வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது! அங்கே குழாய் புதைக்கவும் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று.

கொசுவின் கதை இருக்கட்டும். காய்ச்சல் திரும்பி வருவானேன்? கிருமியில் ஒரு வகை ஈரலில் பதுங்கி, மாதக்கணக்கில் கழித்து எழும். மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரம் பதுங்குவதில்லை, வேஷம் மாற்றுகிறது.

இதற்கு முதல் தடயம் குரங்குகளிடம் கிடைத்தது. 1965இல் பிரவுன் என்ற பெயருடைய இரு ஆய்வாளர்கள், நோலெசி என்ற கிருமி ஒவ்வொரு முறை தலைதூக்கும்போதும் புதுச் சட்டை போட்டு வருவதைக் காட்டினர். ஃபால்சிபாரத்தில் அச்சட்டைகளுக்கான மரபணுக்கள் 1995இல் பிடிபட்டன. 2002இல் கிருமியின் மரபணு ஏடு முழுவதும் படிக்கப்பட்டபோது, அவை சுமார் 60 என்று தெரிந்தது.

மரபணுவைப் பாடக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படியெடுத்தால்தான் வேலை நடக்கும். கிருமி பொதுவாக ஒரு சமயத்தில் ஒரு குறிப்பைத்தான் படியெடுக்கிறது. மற்றவற்றை இறுகச் சுருட்டி உட்கருவின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. நம் உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு கிருமிகளைக் கொல்லும். அதற்குள் சில கிருமிகள் பழைய குறிப்பை மூடி வேறொன்றைத் திறந்திருக்கும். அவை பெருகும், காய்ச்சல் மீண்டும் வரும். நம் பாட்டன்மார் உடம்பில் நடந்தது இதுதான்.

படியெடுப்பதை ஆள்வது யார்? 2002இல் ஏட்டைப் படித்தவர்களுக்கு அப்படிப்பட்ட புரதங்கள் சொற்பமாகவே தென்பட்டன. பாலாஜி, மதன் பாபு, லட்சுமிநாராயண் ஐயர், அரவிந்த் என்ற நால்வர் 2005இல் ஒரு குடும்பத்தையே கண்டுபிடித்தனர். பெயர்களைப் பாருங்கள், நம் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி இல்லையா? ஏபி2 எனப்படும் அக்குடும்பத்திற்குச் செடிகொடிகளில் உறவினர் உண்டு என்பது வேடிக்கை. அதில் ஒன்றுதான் கிருமியைக் கொசுவுக்குள் குடியேறத் தயார்படுத்தும் விசை என்று 2014இல் தெரிந்தது.

2018இல் மனிதருக்குரிய மலேரியா நம் நாட்டில் உள்ளூரில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. ஆனால் குரங்கின் நோலெசி நம்மிடமும் வந்துவிட்டது. சரவாக் மாநிலம் காப்பிட்டில் பலரை அது பிடித்திருந்ததைப் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்டனர். நுண்ணோக்கியில் அது வேறொரு சாதுவான கிருமியைப் போலவே தெரிந்ததால், மரபணுவைச் சோதித்துத்தான் இனம் காண முடிந்தது. அதற்கும் நூற்றுக்கு மேற்பட்ட சட்டை மரபணுக்கள் உண்டு. காட்டோரம் மரம் வெட்டப் போகிறவர்கள், காய்ச்சல் கண்டால், தாங்கள் போய் வந்த இடத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.