கன்றுமேய்பாழ்

பனைக்கு வடமொழியில் தாலம் என்று பெயராதலால் விழுப்புரம் வட்டாரத்துப் பனமலை தாளகிரி ஆயிற்று; இராசசிம்ம பல்லவன் அதன்மேல் எடுப்பித்த கற்றளியின் இறைவனும் தாளகிரீசுவரர் ஆனார். மலையின் பெயர்மாற்றம் இவ்வளவே. மலையடியில் மாடு மேயும் நிலம் பெயர் மாறியதோ நெடிய விஷயம்.

ஏரிப்பாய்ச்சல் எட்டாத மேட்டில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். பாறை காலாந்தரத்தில் உதிர்ந்து, இரும்பின் துருவேறிச் சிவந்த மண்; விரலிடையில் தேய்த்தால் சரளை நறநறக்கும்; மண்வெட்டி சில இடங்களில் ஒரு முழம் இறங்குமுன் 'ணங்'கென்று பாறையில் மோதும். இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுவதாலும், வந்த ஈரத்தைச் சேமித்துவைக்க இம்மண்ணுக்கு ஆழமில்லாமையாலும், மல்லாட்டை (மணிலாக்கொட்டை இவ்வூர்களின் நாவில் தேய்ந்த வடிவம் இது) விதைத்தவன் வானத்தை நோக்கிச் சலித்திருக்க, புல் மட்டும் நாலு தூறலில் தலைகாட்டிவிடும்.

இத்தகைய நிலத்தைச் சோழர் செப்பேடுகள் 'கன்றுமேய்பாழ்' என்கின்றன. தானமாகக் கொடுத்த ஊரின் மனை, மன்று, குளம், புற்று முதலியவற்றை அடுக்கி, உடும்பு ஓடிய இடத்தையும் ஆமை தவழ்ந்த இடத்தையும்கூட விடாமல் எழுதும் அந்த நீண்ட வாசகத்திலே, ஏர் படாத நிலத்துக்கும் அதில் மேயும் கன்றைக்கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். பாழ் என்பதற்கு அங்கே நாசம் என்ற பொருள் இல்லை. உழாமல் விட்டது என்பதே பொருள்.

இன்றைய வருவாய்க் கணக்கில் இதுவே 'மேய்க்கால் புறம்போக்கு'. நன்னூலார் ஏழாம் வேற்றுமை உருபுகளில் 'கால்' என்பதையும் எண்ணுவதால், மேய்க்கால் என்றால் மேயும் இடம் என்று கொள்வதில் தடையில்லை. பின்னே ஒட்டிக்கொண்ட புறம்போக்குதான் பொல்லாதது. மாடு, மண், புல் எதையும் சுட்டாமல், தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போக்கப்பட்டது என்ற ஒன்றையே அது சொல்கிறது. 1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்கு உரியதென்று ஏற்படாத நிலங்களைச் சர்க்காரின் சொத்தென்று விதித்தபின், ஊர் தன் பொதுவென்று நினைத்திருந்த வெளிக்கு அந்தப் பதமே முகவரியாயிற்று. உதவாக்கரை மனிதனை வையவும் அதையே எடுத்துக்கொண்டோம். மேய்க்கால் என்று ஒருவரையும் வைததாக நான் கேட்டதில்லை.

ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்ட ஒரு கிழவியிடம், "எங்கேம்மா ஓட்டிப் போறீங்க?" என்று கேட்டேன். "மேய்க்காலுக்குத்தான் சாமி" என்றாள். கணக்குப் புத்தகத்திலுள்ள பின்பாதி அவள் வாயில் வரவில்லை.