டிராக்டர் ஹைட்ராலிக் விறகு பிளப்பான்

சிறிய டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தால் ஆப்பைத் தள்ளி மரக்கட்டையைப் பிளக்கும் கருவி. சேலம்–ஆத்தூர் சாலையிலுள்ள அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊர்களில் டிராக்டர்காரர்களுக்குப் பழக்கமான டிப்பர் டிரெய்லரைத் தூக்குவதும் இதே எண்ணெய்தான். ஆனால் டிரெய்லர் தன் எடையிலேயே இறங்கிவிடும். பிளப்பானின் தண்டை எண்ணெய்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதனால் இருவழி வால்வும் இரண்டு ஹோஸும் தேவை. 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 12 டன் விசை தரும். முடிச்சு விழுந்த புளியங்கட்டைக்குச் சில வேளை அதுவும் போதாது. பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளினால், தண்டு 60 செ.மீ. நகர 14 விநாடி ஆகும். மெதுவென்று அலுத்துக்கொள்வார்கள்; கை தப்ப அந்த வேகமே நல்லது. ஹோஸ் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது: ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.