ஒரு பொருள், பல சொல், வேறு கூலி

‘ஸ்கில்ட்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு நிகரான சொற்களை எழுதும்படி ஒருநாள் வகுப்பில் சொன்னேன். ‘அடெப்ட்’, ‘டெஃப்ட்’, ‘நிம்பிள்’ என்று பட்டியல் நீண்டது. ராணிப்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “எல்லாம் ஒண்ணுதான்னா, எங்கம்மாவை மட்டும் ஏன் மேடம் ‘அன்ஸ்கில்ட்’னு எழுதியிருக்காங்க?” அவள் அம்மா ஷூ கம்பெனியில் ஹெல்ப்பர். அப்பருக்குப் பசை தடவி, ஓரம் மடித்துத் தையலுக்குத் தயார் செய்பவர்.

அகராதியில் அருகருகே நிற்கும் இச்சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல. பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த ‘ஸ்கில்’ முதலில் பிரித்தறிதலைக் குறித்தது. ‘டெஃப்ட்’ பழைய ஆங்கிலத்தில் சாதுவான, மென்மையான என்று பொருள்பட்டது. அசட்டுத்தனத்தைச் சுட்டும் ‘டாஃப்ட்’ அதன் உடன்பிறப்பு. ‘நிம்பிள்’ என்பதன் வேர், எடுத்தலைக் குறிக்கும் வினை. ஒன்று அறிவைச் சொல்கிறது. மற்றவை சுபாவத்தையும் சுறுசுறுப்பையும் சொல்கின்றன. ஆலைகள் பெண்ணுக்குக் கொடுத்தவை பின்னவற்றையே.

1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பெண்ணிய ஆய்வாளர்கள், ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெண்களை ஏன் விரும்பிச் சேர்க்கின்றன என்று ஆராய்ந்தார்கள். கீழைநாட்டுப் பெண்களின் சிறிய கைகளையும் வேகத்தையும் புகழ்ந்து முதலீட்டாளர்களை அழைத்த மலேசிய விளம்பரக் கையேட்டை எடுத்துக்காட்டினார்கள். அந்த வேகம் பிறவிக்குணமல்ல. தாயிடமும் உறவுப் பெண்களிடமும் சிறுவயது முதலே தையலும் வீட்டுவேலையும் பழகியதால் வந்தது. அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை. அதனால் அது இயற்கையாகத் தெரிகிறது; இயற்கைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. இதுவே அவர்கள் வாதத்தின் சாரம்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தோல் தொழிலைத் தன் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் எது திறன் என்று வரையறுக்கவில்லை. 1976இல் வந்த சம ஊதியச் சட்டம், திறனும் உழைப்பும் பொறுப்பும் ஒத்திருந்தால் சம ஊதியம் என்றது. வேலையையே ‘அன்ஸ்கில்ட்’ என்று எழுதிவிட்டால் ஒப்பிட என்ன இருக்கிறது?

தோல் துணியைப் போன்றதல்ல. ஊசி போட்ட ஓட்டை மூடிக்கொள்ளாது. தப்பாகத் தைத்ததைப் பிரித்தாலும் தடம் நிற்கும். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுபடும். ஓரத்தை அதிகம் சீவினால் கிழியும். குறைத்தால் மடிப்பு புடைக்கும். இந்த வேறுபாட்டை விரல்நுனியில் அறிகிறவர்தான் அந்த அம்மா. ‘ஸ்கில்’ என்ற சொல்லின் மூலப்பொருள் அவர் கையில்தான் இருக்கிறது.

தமிழிலும் ஆணை ‘கட்டிங் மாஸ்டர்’ என்போம். பெண்ணைப் ‘பொறுமைசாலி’ என்று பாராட்டி அனுப்பிவிடுவோம்.

மாணவியின் கேள்விக்கு அன்று என்னிடம் பதிலில்லை. இப்போது நிகர்சொல் பட்டியல் எழுதும்போது பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொல்கிறேன்: இச்சொல்லை யார், யாருக்கு, என்ன கூலிக்குச் சொன்னார்கள்?