செவிலியப் பணியில் மனச்சான்று

செவிலியப் பணியில் மனச்சான்று என்பது, தம் பொறுப்பில் உள்ள நோயாளிக்குத் தாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் சரிதானா என்று செவிலியரின் உள்ளத்தில் எழும் அறவுணர்வு. மருத்துவரின் ஆணையும் மருத்துவமனை விதிகளும் சட்டமும் பணியின் எல்லையை வகுக்கின்றன. ஆனால், கேட்கவோ மறுக்கவோ இயலாத ஒருவரை யாரும் பார்க்காத நேரத்திலும் பரிவோடு புரட்டிப் படுக்கவைப்பது மனச்சான்றால் மட்டுமே நடக்கிறது.

நெறித் தொகுப்புகள்

1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவான நைட்டிங்கேல் உறுதிமொழி, மருத்துவருக்கு விசுவாசமாக உதவுவதைச் செவிலியரின் கடமையாகக் கூறியது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்ற நெறித் தொகுப்பு, அறமற்ற செயல்முறைகளில் பங்கேற்க மறுப்பதையும் கடமையாக்கியது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம், செவிலியரின் முதன்மைப் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுவோரிடமே என்று அறிவித்தது.

மறுக்கும் உரிமை

பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், மனச்சான்று இடம் தராதவர்கள் அச்சிகிச்சையில் பங்கேற்காதிருக்க அனுமதிக்கிறது. தாயின் உயிரைக் காக்கவோ கடுமையான நிலைத்த பாதிப்பைத் தடுக்கவோ தேவைப்படும் சிகிச்சைக்கு இவ்விலக்கு கிடையாது. கிளாஸ்கோவைச் சேர்ந்த இரு மகப்பேற்றுச் செவிலியரின் வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நேரடியாகப் பங்கேற்பதற்கே விலக்கு உண்டு, மேற்பார்வைக்கும் பணிப் பகிர்வுக்கும் இல்லை என்றது.

அறத் துயர்

சரியானது எதுவென்று தெரிந்தும் நிறுவனத் தடைகளால் அதைச் செய்ய முடியாத நிலையை ‘அறத் துயர்’ எனலாம். செவிலியர் தொடர்பில் இக்கருத்தை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் முன்வைத்தார். ஆட்பற்றாக்குறையால் நோயாளி அருகே இருக்க முடியாமல் போவதும், பயனற்றதென்று தோன்றும் சிகிச்சையைத் தொடர வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்கள்.

மும்பை வழக்கு

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973-இல் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு மூளை பாதிப்புக்கு உள்ளானார். 2015-இல் இறக்கும்வரை அங்குள்ள செவிலியரே தலைமுறை மாறி மாறி அவரைப் பராமரித்தனர். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய மனுவை ஊழியர்கள் எதிர்த்தனர். உச்ச நீதிமன்றம் 2011-இல் மனுவை நிராகரித்தது. இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பதைக் குறிப்பிட்டுச் செவிலியரைப் பாராட்டியது. மனுதாரர் பிங்கி விரானியின் சமூக அக்கறையையும் அத்தீர்ப்பு போற்றியது.

எல்லை

ஒரே நோயாளியின் நலனுக்காக இரு மனச்சான்றுகள் எதிரெதிர் முடிவுக்கு வரலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. நோயாளியின் விருப்பம் தெரிந்திருந்தால் அதுவே முதன்மை பெற வேண்டும். உயிர்காப்புச் சிகிச்சை குறித்து ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது.