எல்லை ஊரின் கதையை யார் எழுதுவது?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கடலோடு கலக்கிற கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிடக்கும் நிலம்தான் கொட்டியாரபற்று. மூதூர், சம்பூர், கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி, வெருகல் எல்லாம் இதற்குள் வரும். செய்திகளில் இவை ‘எல்லைக் கிராமங்கள்’. சண்டை நடந்தால் பெயர் அடிபடும், ஓய்ந்தால் மறந்துபோகும். ஆனால் போருக்கு முந்தின கதை ஒன்றும் இந்த மண்ணுக்கு இருக்கு.

கிளிவெட்டிக்குக் கிட்டத்தான் கங்குவேலி. வன்னியனாரும் ஏழூர் அடப்பன்மாரும் கோணேசர் கோயிலுக்குக் கொடை கொடுத்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலின் கல்வெட்டிலும், மதில் கட்டியவர்களில் ஒருவராக ஒரு வன்னியனார் வருகிறார். கவிராசவரோதயரின் ‘கோணேசர் கல்வெட்டு’ பெயரளவில்தான் கல்வெட்டு. உண்மையில் அது ஒரு நூல். கோயிலில் எந்தத் தொழும்பை யார் செய்வது என்று அது வகுத்துச் சொல்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோயிலோடு இந்தப் பற்றுக்கு இருந்த உறவு, கல்லிலும் ஏட்டிலும் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் எங்களுக்குத் தெரிகிறது.

எழுத்தின் பலத்துக்கு இன்னொரு சாட்சியும் இதே குடாவில் இருக்கு. புயலில் பாய்மரம் முறிந்த ஒரு ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக இங்கே ஒதுங்கியது. 1660இல் அதிலிருந்த ரொபர்ட் நொக்ஸ், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். 1679இல் தப்பிப் போய், 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். அவருடைய சிறைவாசத்தை உலகமே படித்தது.

இந்த ஊர்ச் சனத்தின் துன்பத்துக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. 1996 பெப்ரவரி 11இல், கிளிவெட்டிக்குப் பக்கத்துக் குமாரபுரத்தில் பெண்களும் பிள்ளைகளுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இருபது வருசம் கழித்து, 2016இல் அநுராதபுர மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் படையினரையும் விடுதலை செய்தது. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருசக்கணக்காகக் கிடந்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் காணி உறுதி, பள்ளிக்கூடப் பதிவேடு, கோயில் கணக்குக் கொப்பி, கலியாணப் படம் என்று ஏதோ ஒன்று தொலைந்தது. நாளைக்குக் காணிப் பிரச்சினை வந்தால் சனம் எதைக் காட்டும்?

அதனால்தான் வரலாற்றை யார் கையில் விடுவது என்ற கேள்வி வருகிறது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கு ஒரு சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டது. முதலில் அறிவித்த பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கிழக்கின் மரபுரிமையைக் கிழக்கின் பெரும்பான்மைச் சனம் இல்லாமலே தீர்மானிக்கலாம் என்ற நினைப்பு அது.

ஊர்தோறும் ஒரு சின்ன வரலாற்றுக் கழகம் வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். பெரிய காசு தேவையில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிவிட்டது. அதே வேலையை ஊர் மட்டத்தில் நாங்களும் செய்யலாம். பழைய உறுதிகளை, கோயில், பள்ளிவாசல் கொப்பிகளைப் படம் எடுக்கலாம். குளம், வயல், துறை ஒவ்வொன்றின் பெயரையும் பெரியாக்களிடம் கேட்டுக் குரலோடு பதியலாம். சொன்னவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் அது வெறும் கதையாகிவிடும். பழங்கல் கண்டால் தோண்டவோ நகர்த்தவோ வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது குற்றம், தடயமும் அழிந்துபோகும். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கொப்பியில் தமிழர் பக்கம் மட்டும் இருந்தால் அது அரைக் கதைதான். மூதூர் முஸ்லிம்களின் கடல் தொழிலும், கரையோர வேடர்களின் வழிபாடும், சேருவில பக்கத்துச் சிங்களக் குடும்பங்களின் நினைவும் அதற்குள் வர வேண்டும். எங்களை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டவர்களுக்கு, யாரையும் விடாத ஒரு பட்டியல்தான் சரியான பதில்.

பெரியாக்கள் இன்னும் இருக்கினம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால், போனைப் பதிவில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.