கரைசலில் விழுந்த கதிர்

நெல்லிவாசல்நாட்டு மலையில், மெல்லிய மேகம் படரும் இரவில் நிலாவை ஒட்டி ஓர் ஒளிவட்டம் தெரியும். மேகத்தின் நீர்த்துளிகள் பொடியாக இருந்தால் வட்டம் விரியும். பெருத்தால் நிலாவோடு நெருங்கிவிடும். துளியைத் தொடாமலே அதன் அளவை வட்டத்திலிருந்து கணக்கிடலாம். கரைசலில் மிதக்கும் புரதத்தை எக்ஸ் கதிரால் அளக்கும் முறைக்கும் இதே விதிதான் அடிப்படை.

அந்த முறையின் தொடக்கத்தைத் தேடினால் கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். உலகமெங்கும் எக்ஸ் கதிரைப் படிகங்களின் மேல் செலுத்திக்கொண்டிருந்த காலத்தில், அங்கே சி.வி. ராமன் திரவங்களைப் பற்றிக் கேட்டார். 1923இல் அவரும் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரவத்தில் பட்ட கதிர் மங்கலான வளையமாகச் சிதறுகிறது. ஆனால் வளையத்தின் நடுப்பகுதி ஏன் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது? திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, அதனால் அதற்குள் அடர்த்தி பெரிதாக ஏறி இறங்குவதில்லை, அதனால்தான் என்று விடை சொன்னார்கள். எனக்கு இந்த விடையின் மேல் தீராத வியப்பு. கையால் அமுக்கிப் பார்க்கும் ஒரு குணம் எக்ஸ் கதிர்ப் படத்தில் பதிந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்களே!

நடு வெறுமையாக இருக்க வேண்டுமென்றால், அங்கே ஏதாவது தெரிந்தால் அதற்குக் காரணம் வேண்டும். அதே ஆய்வகத்தின் பி. கிருஷ்ணமூர்த்தி 1930இல் கூழ்மக் கரைசல்களைச் சோதித்தார். நேர்க்கதிரை ஒட்டிய மிகச் சிறு கோணங்களில் சிதறல் பலமாக எழுந்தது. கரைசலில் மிதப்பவை பெரிய துகள்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பாடநூல்கள் இந்த முறையைப் பாரிஸின் ஆந்த்ரே கினியேவிடமிருந்து தொடங்குகின்றன. அவருக்கு முன்னால் கிருஷ்ணமூர்த்தியின் பெயரையும் எழுத வேண்டும் என்பேன்.

கினியேவின் பங்கு பெரியதுதான். அவர் முக்கியமாக ஆராய்ந்தது புரதத்தை அல்ல, உலோகக் கலவைகளை. சிதறலின் வலுவை மடக்கையில் எடுத்து, கோணத்தின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு விழும். அதன் சாய்விலிருந்து துகளின் பருமனைப் பெறலாம் என்று 1939இல் காட்டினார். அந்தக் கோடு புரதத்துக்கும் பொருந்தியது.

50 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒரு புரதத்தின் மேல் 1.54 ஆங்ஸ்ட்ராம் கதிர் பட்டால், செய்தியின் பெரும்பகுதி ஏறக்குறைய 2 பாகைக்குள் அடங்கிவிடும். நேர்க்கதிரின் வெளிச்சத்தில் அது மூழ்காதபடி பிரித்தெடுக்க, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ கிராட்கி தனி கேமராவே செய்தார். உப்புநீரை மட்டும் ஒரு முறை, புரதம் கரைந்த உப்புநீரை ஒரு முறை அளந்து, முதலாவதைக் கழிக்கிறார்கள். மீதி புரதத்தினுடையது.

மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் புரள்வதால் அணுக்கள் தெரியாது, உருவக்கோடு மட்டும் கிடைக்கும். ஆனால் படிகமாக மறுக்கும் புரதங்கள், நெளிந்து நீளும் புரதங்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து பிரியும் புரதங்கள் எல்லாம் தம் இயல்பான நீரிலேயே இந்த முறைக்குப் பிடிபடுகின்றன. 1999இல் ஹாம்பர்க்கில் திமித்ரி ஸ்வெர்கூன், சிதறலின் வளைகோட்டிலிருந்தே முப்பரிமாண உருவைக் கணினியில் எழுப்பும் வழியை வெளியிட்டார். இந்தூரின் இண்டஸ்-2 ஒத்தியங்கு முடுக்கியில் இன்று இத்தகைய சிதறலுக்கென்றே ஒரு கதிர்த்தடம் இயங்குகிறது.